பாதியில் எழுந்து போகிறவன்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டியவன் நான். அங்கிருந்து விரட்டினார்கள், எதிர்ப்பக்கம் போய் ஒட்டினேன். அங்கிருந்தும் விரட்டினார்கள், திரும்பப் பழைய இடத்துக்கே வந்து ஒட்டினேன். பிறகு டயர் கடை வைத்தேன். ஒரு தண்ணி லாரி வாங்கினேன், அது நாலு ஆனது. நத்தம் ரோட்டில் ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிக் கிடந்த ஒரு பள்ளத்தை வாங்கினேன். கிரையம் முடிந்த அன்றைக்கு என் மச்சினன், "மச்சான் மீன் வளக்கப் போறாரு போலருக்கு" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். என் லாரியிலேயே மண் அடித்து அந்தப் பள்ளத்தை நிரப்பி, அதன் மேல் மாடிக் கட்டடம் எழுப்பினேன். போர் போட்டபோது ஐநூறு அடி வரைக்கும் வெறும் புகைதான் வந்தது. வண்டிக்காரன் குழாயைக் கழற்றப் போனான். "கழட்டுன, ஒன் வண்டி இங்கனயேதான் நிக்கும். கீழ போடு" என்றேன். எழுநூற்றுச் சொச்சத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பக்கத்திலேயே கல்யாண மண்டபமும் கட்டினேன். அஞ்சாங்கிளாசைத் தாண்டாதவன் கட்டிய மண்டபத்தில் இன்றைக்கு டாக்டர் வீட்டுக் கல்யாணமெல்லாம் நடக்கிறது.

பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமையும் உண்டு, அது வேறு. நான் எதையும் பாதியில் விட்டவன் இல்லை என்பது தெரிந்தால்தான், நான் சொல்லப்போகிற ஆள் மேல் எனக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு என்று விளங்கும். அவன் எல்லாவற்றையும் பாதியில் விட்டவன். விட்டதோடு நிற்க மாட்டான், கும்பிட்டுவிட்டு வேறு போவான். பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் என்றே சொல்கிறேன்.

முதல் தடவை அவன் வந்தது மாடி ரூமைக் கேட்டு. தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரன். ஒல்லியான ஆள், கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்ட சட்டை, நாலாக மடித்த கைக்குட்டை. "ஏனுங்கய்யா, மாடி ரூமு வாடகைக்குன்னு போர்டு பார்த்தனுங்க. கேம் சென்டர் வைக்கலாம்னு இருக்கறனுங்க" என்றான். வாடகையைக் கொஞ்சம் ஏற்றலாம் என்று நினைத்து, "இன்னொருத்தரும் கேட்டுருக்காரு, பாப்பம்" என்று ஒரு போடு போட்டேன். எந்த வீட்டுக்காரனும் சொல்கிற பொய்தான். கேட்கிறவன் பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும், நான் அதற்கு ஏதாவது சொல்ல வேண்டும், அதுதானே பேச்சு? அவன் உடனே எழுந்தான். "அப்படீங்களா. அவுங்களுக்கே குடுத்துருங்கய்யா. உங்க நேரத்துக்கு ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டு, உட்கார்ந்திருந்த நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். வாடகைக்கு வந்தவன் பின்னால் நான் தெருவரைக்கும் ஓடியது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். "ஏலே, நில்லுடா, அப்படி யாரும் கேக்கலடா" என்று நானே ஒத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

ஆறு கம்ப்யூட்டர் போட்டான். பள்ளிக்கூடத்துப் பையன்கள் வந்து துப்பாக்கி சுடுவார்கள். அவன் மட்டும் மூலையில் உட்கார்ந்து வேறு ஒரு ஆட்டம் ஆடுவான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கடையில் கூட்டம் இருக்காது, நான் மேலே போய் அவன் பக்கத்தில் உட்காருவேன். எனக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போயிற்று. ஏனென்றால் அது என் கதை. ஆரம்பத்தில் ஒன்றும் கிடையாது. ஒரு பொட்டல், நாலைந்து ஆள், அவ்வளவுதான். அந்த ஆட்களை விட்டு மரம் வெட்டச் சொல்லி, தங்கம் தோண்டச் சொல்லி, வயல் போடச் சொல்லி, அதை வைத்து வீடு கட்டி, குதிரை வாங்கி, பட்டாளம் சேர்த்து எதிராளியின் ஊரை அழிக்க வேண்டும். எதிராளியும் அதே நேரத்தில் அதையே செய்துகொண்டிருப்பான். என் முறை உன் முறை என்று இதில் காத்திருப்பது இல்லை. அவன் விரல்கள் கீபோர்டில் மழை பெய்கிற மாதிரி விழும். நம் ஆள் நிற்கிற இடம் மட்டும் ஸ்கிரீனில் வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு. எதிராளி கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது தெரியாது. ஒரு குதிரையை அனுப்பி எட்டிப் பார்த்தால்தான் உண்டு.

ஒரு நாள் நல்ல சண்டை நடந்துகொண்டிருந்தது. அவன் பட்டாளம் பாதி செத்துவிட்டது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவன் ஹெட்போனை இடது காதில் இருந்து மட்டும் தள்ளிவிட்டான், உள்ளங்கைகளைப் பேண்டில் துடைத்தான், இரண்டு எழுத்து அடித்தான், வெளியே வந்துவிட்டான்.

"என்னடா செஞ்ச?"

"ஜிஜி போட்டனுங்க. நல்ல ஆட்டம்னு அர்த்தமுங்க. தோத்துட்டா அப்படிப் போட்டுட்டுக் கெளம்பிரணுமுங்க."

"எங்கடா தோத்த? ஊரு அம்புட்டும் அப்படியே நிக்கிது!"

"இன்னும் பத்து நிமிசத்துல போயிருமுங்க. தெரிஞ்ச பொறகும் உக்காந்திருந்தா எதிராளி நேரத்தைத் திங்கறதுங்கய்யா. அது மரியாதை இல்லைங்க."

பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். கடைசி வீடு இடிகிற வரைக்கும் பிடித்துத் தொங்குகிறவனை இளக்காரமாகப் பார்ப்பார்களாம். ஆட்டத்துக்கு அது வழக்கமாக இருக்கட்டும், அதை நான் குறை சொல்லவில்லை. அந்த வழக்கத்தை அவன் மாடிப்படி இறங்கித் தெருவுக்கும் கொண்டு வந்ததுதான் எனக்கு ஆகவில்லை.

பக்கத்து ரூம் ஜெராக்ஸ் கடைக்காரன் படிக்கட்டில் தன் போர்டை இவன் போர்டை மறைக்கிற மாதிரி மாட்டினான். நான் சண்டைக்குத் தயாராக மேலே போனால், இவன் ஸ்டூல் மேல் ஏறி நின்று தன் போர்டையே கழற்றிக்கொண்டிருக்கிறான். "அந்த எடம் அவருக்கு வேணுமாட்ட இருக்குதுங்க" என்கிறான். பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனால், சப்ளையர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவதைப் பார்த்தே, "மட்டன் தீந்து போச்சுங்களா, பரவால்லீங்க" என்று இவனே சொல்லிவிடுவான். சப்ளையர் வாயே திறந்திருக்க மாட்டான். அவனுக்குப் பல்வலி. அண்டாவில் மட்டன் மிதக்கும்.

எல்லாவற்றையும்விட மோசம் எரியோட்டில் பெண் பார்க்கப் போனது. அவனுக்கு அப்பா இல்லை. பெரிய மனுசன் என்ற இடத்தில் நான்தான் போனேன், அதுவும் என் காரில். பெண்ணின் அப்பா நல்ல விவசாயி. பஜ்ஜி வந்தது. நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். அவர் சாதாரணமாக, "இந்தக் கேம் சென்டரு, நெலையான தொழிலா மாப்ள?" என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார்? பெண்ணைப் பெற்றவர். இவன் உள்ளங்கைகளைப் பேண்டில் துடைத்தான். எழுந்தான், கும்பிட்டான். "நீங்க கேக்கறது நியாயமுங்க. உங்க நேரத்துக்கு நன்றிங்க" என்று செருப்பைப் போட்டுவிட்டான். நான் வாயில் பாதிப் பஜ்ஜியோடு அந்தக் குடும்பத்தைப் பார்க்கிறேன், அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். உள்ளே அந்தப் பெண் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து அந்த விவசாயியைச் சந்தையில் பார்த்தேன். "என்னங்க இது, மாப்பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சுப் போயிருந்துச்சே. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அதுக்குள்ள ஓடிட்டாரு" என்றார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குக் கூசியது. வந்து அவனிடம் சொன்னேன். "அப்படீங்களா" என்றான். கொஞ்ச நேரம் கைக்குட்டையைப் பிரித்துப் பிரித்து மடித்தான். "இருட்டுக்குள்ள என்ன இருக்குதுன்னு நமக்குத் தெரியறதில்லைங்களே" என்றான். தெரியாவிட்டால் உட்கார்ந்து பார்ப்பதுதானே மனுசன் செய்கிற வேலை?

இப்படிப்பட்டவன் ஒரே ஒரு தடவை ஒன்று வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றான்.

பெங்களூரில் அந்த ஆட்டத்துக்கு ஒரு டீம் இருக்கிறதாம். தங்க இடம், சம்பளம், வெளிநாட்டுப் போட்டி எல்லாம் உண்டாம். தமிழ்நாட்டில் இருந்து ஒருத்தனை எடுக்கப் போகிறார்கள். இவனா, சென்னைப் பையன் ஒருத்தனா என்று இரண்டு பேரில் வந்து நிற்கிறது. நேருக்கு நேர் மேடையில், ஜனங்கள் முன்னால் ஒரு ஷோ மேட்ச் வைத்து, அதில் ஜெயிக்கிறவனைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. அஞ்சு ஆட்டம், மூன்று ஜெயித்தால் போதும். அவனுக்கு அப்போது இருபத்தெட்டு. விரல் வேகத்துக்கு அது கிழட்டு வயதாம். அடுத்த வருஷம் அவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம்.

"ஐயா, எனக்கு இது மட்டும் வேணுமுங்க" என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? எழுநூறு அடியில் தண்ணீரைப் பார்த்த மாதிரி இருந்தது. மண்டபத்தைத் திறந்துவிட்டேன். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, சும்மாதான் கிடந்தது. மணமேடையில் இரண்டு மேசை போட்டு, எதிரும் புதிருமாக இரண்டு கம்ப்யூட்டர் வைத்தோம். கல்யாணத்துக்கு முகூர்த்தத்தைக் காட்டுகிற பெரிய எல்.ஈ.டி. ஸ்கிரீனை மேடைக்கு மேலே, ஆடுகிறவர்கள் கண்ணில் படாத மாதிரி கட்டினோம். ஜெனரேட்டர் என்னுடையது. தண்ணீர் என்னுடையது. வந்தவர்களுக்கெல்லாம் மத்தியானம் சாம்பார் சாதமும் என்னுடையது. முந்நூறு பிள்ளைகளுக்கு மேல் வந்தார்கள். நான் முதல் வரிசையில், மாப்பிள்ளைக்குத் தகப்பன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன்.

ஆடுகிறவர்களுக்கு அவரவர் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். பெரிய ஸ்கிரீனில் எங்களுக்கு இரண்டு பக்கமும் தெரியும். நம் ஆள் சிவப்பு, சென்னைப் பையன் நீலம். யாரிடம் எவ்வளவு மரம், எவ்வளவு தங்கம், எத்தனை வேலையாள் என்று மூலையில் கணக்கும் ஓடும். நாலு ஆட்டம் முடிந்தது, ஆளுக்கு இரண்டு. அஞ்சாவது ஆட்டத்தில் நீலம் மொத்தப் பட்டாளத்தையும் திரட்டிக்கொண்டு வந்து சிவப்பின் வாசலில் விழுந்தது. சிவப்பின் பட்டாளம் செத்தது. மதில் போயிற்று, வீடுகள் எரிந்தன. கமெண்ட்ரி சொன்ன பையன் குரல் உடைய, "மக்களே, கஷ்டம், ரொம்பக் கஷ்டம்" என்றான்.

நான் மூலையில் இருந்த கணக்கைப் பார்த்தேன். நீலத்திடம் மரம் இல்லை, தங்கம் இல்லை, சோறு இல்லை. வேலையாள் மூன்றே பேர். எல்லாவற்றையும் விற்று அந்த ஒரு அடியில் போட்டுவிட்டான். அந்தப் பட்டாளம் செத்தால் அவனுக்கு அடுத்த ஆள் கிடையாது. நம் ஆளுக்கோ காட்டுக்குப் பின்னால் இருபது வேலையாள் பத்திரமாகத் தங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும். பஞ்சர் ஒட்டியவனுக்கே இது தெரிந்தது. ஆனால் எதிராளியின் கை காலி என்பது அவன் ஸ்கிரீனில் இருட்டு.

அவன் ஹெட்போனை இடது காதில் இருந்து தள்ளினான். உள்ளங்கைகளைப் பேண்டில் துடைத்தான்.

அது என்ன என்று அந்த மண்டபத்தில் என் ஒருத்தனுக்குத்தான் தெரியும். நான் எழுந்துவிட்டேன். "ஏலே, எந்திரிக்காதடா! அவன்கிட்ட ஒண்ணுமே இல்லடா! காலிடா அவன்! பிடிச்சு நில்லுடா!"

பஸ் ஸ்டாண்டில் லாரிக்காரர்களை அதட்டிய தொண்டை அது. காது திறந்திருந்ததால் அவனுக்குக் கேட்டது. கீபோர்டு மேல் விரல் நின்றது. ஹெட்போனை மறுபடி காதில் வைத்தான். அடுத்த இருபது நிமிஷம் அவன் ஆடியது இருக்கிறதே, அந்த ஒல்லி உடம்புக்குள் அப்படி ஒருத்தன் இருப்பான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. வேலையாட்களையே சண்டைக்கு இறக்கினான். எரிகிற வீட்டுக்குப் பின்னால் இன்னொரு வீடு கட்டினான். நீலம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. சென்னைப் பையன் ஜிஜி போட்டான். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, மறைக்கவில்லை.

பெங்களூர் ஆள் கை கொடுக்க மேடை ஏறினார். சென்னைப் பையன் ஹெட்போனை முழுசாக மாட்டியிருந்தான், அவனுக்கு எதுவும் தெரியாது. கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்ததால் என் சத்தத்தையும் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது. இவன் மைக்கைக் கேட்டான்.

"இது நான் ஜெயிச்சது இல்லைங்க" என்றான். "நான் கெளம்பறதுக்குக் கையை வச்சுட்டனுங்க. எதிராளிகிட்ட ஒண்ணுமில்லைன்னு ஐயா வெளிய இருந்து சொன்னாருங்க. அது கேட்டுத்தான் உக்காந்தனுங்க. இந்த ஆட்டம் அந்தத் தம்பிக்குத்தானுங்க சேரும்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் மேடை ஏறி அவன் கையில் இருந்து மைக்கை வாங்கினேன். "இந்தாங்க, நான் சொன்னது பந்தி ஆளுகிட்ட. தண்ணி கேன் காலின்னு சொன்னேன். இந்தப் பய தப்பா விளங்கிக்கிட்டான்" என்றேன். சிரித்தார்கள். பெங்களூர் ஆளும் சிரித்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

அவன் குனிந்து, என் கையில் இருந்த மைக்கிலேயே சொன்னான். "ஐயா எனக்காகப் பொய் சொல்றாருங்க."

நான் கட்டிய மண்டபம். நான் போட்ட ஜெனரேட்டரில் ஓடுகிற மைக். என் சோற்றைத் தின்ற முந்நூறு பேர்.

மணப்பெண் அறைக்குள் அவனை இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். "உன்னைய எவனாச்சும் கேட்டானாடா?"

"கேக்கலீங்க."

"பெறகு?"

"கெளம்புன ஆளு எப்படிங்கய்யா ஜெயிக்கறது?"

"நீ எங்கடா கெளம்புன? அந்த ரெண்டு எழுத்து விழலையில்ல! கடைசி இருபது நிமிசம் ஆடுனது யாரு, நானா? எனக்கு அந்த மவுசைப் பிடிக்கத் தெரியுமாடா?"

"ஆடுனது நான்தானுங்க. உக்கார வச்சது நீங்கதானுங்களே."

"இது மட்டும் வேணும்னு வந்து நின்னியேடா."

"வேணுமுங்க" என்றான். "இப்பவும் வேணுமுங்க."

கையை ஓங்கினேன். அவன் விலகவில்லை. அடி விழும் என்று தெரிந்துகொண்டு, அதற்கும் முன்கூட்டியே சரி என்று சொல்கிறவன் மாதிரி முகத்தை நேராக வைத்துக்கொண்டு நின்றான். நாட்பட்ட தண்ணீரில் கையை விட்டால் வழவழவென்று ஒன்று படுமே, அப்படி இருந்தது எனக்கு. கையை இறக்கிவிட்டேன். அவன் வெளியே போகும்போது அந்த அறையில் இருந்த நாற்காலியை, அவன் உட்காரவே உட்காராத நாற்காலியை, சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

சென்னைப் பையன் பெங்களூர் போனான். இவன் அந்த மாதமே ரூமைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். சாவியைக் கழுவித் துடைத்துக் கொடுத்த மாதிரி கொடுத்தான். நல்லவன் என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்லவனாக இருந்துவிட்டுப் போகட்டும். தான் சுத்தமாக வெளியே போவதற்கு, நான் அவனுக்காகப் போட்ட சத்தத்தை அழுக்கு மாதிரித் துடைத்துப் போட்டான். ஒருத்தனுக்கு ஒருத்தன் சத்தம் போடாமல் இந்த ஊரில் எவன் மேலே வந்தான்? என் போர்வண்டிக்காரனை நான் அதட்டாமல் இருந்தால் தண்ணீர் வந்திருக்குமா? வந்த தண்ணீர் என்னுடையது இல்லை என்று நான் குழியை மூடினேனா?

போன மாதம் டீக்கடையில் ஒருத்தன் போனில் அந்த மேட்ச் வீடியோவைக் காட்டினான். லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்களாம். கடைசி ஆட்டத்தில் நான் எழுந்திருக்கிற இடத்தில் சத்தத்தை அறுத்திருக்கிறார்கள். ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு எழுந்து கையை ஆட்டுகிறது, அவ்வளவுதான். கீழே நன்றி என்று போட்டு, மைக்செட்காரர், ஸ்கிரீன் கட்டியவர், டீ போட்டவர் பெயரெல்லாம் இருக்கிறது. மண்டபத்துக்குப் பெயர் இல்லை. அஞ்சாவது ஆட்டத்துக்கு நேராக, "பார்வையாளர் ஒருவரின் குறுக்கீட்டால் முடிவு மாற்றப்பட்டது" என்று எழுதியிருக்கிறது.

அந்த வீடியோவைப் போட்ட பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நான் பார்வையாளர் ஒருவர் கிடையாது. அவன் இரண்டு கையும் என்ன செய்யும் என்று வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான் ஒருத்தன்தான். என் சத்தத்தைத் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். தண்ணி கேன் என்று நான் சொன்னதையும், அதை அவன் பொய் என்றதையும் அப்படியே வையுங்கள், எனக்கு ஒன்றும் கூச்சமில்லை. நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் வெற்றியைக் கொடுத்திருக்கலாம், அந்த ஆட்டத்தை ஜெயித்தது சிவப்புதான். இருபது நிமிஷம் அவன் கை, அதற்கு முந்தின ஒரு நிமிஷம் என் தொண்டை. அவன் பெயரை முதலில் போடுங்கள். அதற்குக் கீழே என் பெயரை இனிஷியலோடு, அதே எழுத்தில், அதே அளவில் போடுங்கள்.